மூடுபனியில் ஏறிய கெண்டைகள்

தேவாலாவின் தேயிலைச் சரிவில் கவ்வாத்துக் கத்தியோடு செடி நறுக்கிக்கொண்டிருந்த தோட்டக் கூலி வேலுமணியின் தலைத்துண்டை ஒரு கெண்டை மீன் உரசிக்கொண்டு போனது. கீழே சதுப்பு வயலில் இருந்த மீன்கள் அத்தனையும் அன்று காலை மூடுபனிக்குள் ஏறிவிட்டிருந்தன. கம்பளி விலை கூடியிருந்த கார்த்திகைக் கடைசி அது.

வயல் பேச்சியம்மாவுடையது. ராமநாதபுரத்து வானம் பார்த்த காட்டிலிருந்து அவளும் கணவன் மூக்கனும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் மலையேறி வந்தவர்கள். கூலிகள் வரிசையாய்க் குடியிருந்த லயத்தில் அளந்து போட்ட புழுத்த அரிசியைத் தின்று இரண்டு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதற்காவது நல்ல சோறு போட வேண்டும் என்று அவள் நெல் போட நிலம் கேட்டு எஸ்டேட்டின் டக்ளஸ் துரை முன்னால் போய் நின்றாள். தேயிலைக்கு உதவாத சதுப்பைத் துரை காட்டினார். கிறிஸ்துமஸுக்குள் நெல் வீடு வந்து சேராவிட்டால் தண்ணீரை உறிஞ்சும் கற்பூர மரம் நட்டு அதை வற்ற வைத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

நாற்று வேர் பிடித்ததும், ஓடையில் கூடை வைத்துப் பிடித்த கெண்டைக் குஞ்சுகளை வயலில் விட்டாள். அவை பூச்சியைத் தின்றன, களையைக் கடித்தன, வாலால் சேற்றைக் கலக்கின. மீன் ஓட ஓட நெல் கறுகறுவென்று எழுந்தது. லயத்துக்காரர்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கதிர் பழுத்தது. இனி தண்ணீரை வடிக்க வேண்டும். மூக்கன் தினமும் மண்வெட்டியோடு மடைக்குப் போனான், தினமும் வெட்டாமல் திரும்பினான். மீன் ஒதுங்க வயலுக்குள் ஒரு குழிகூட இல்லை. குழி தண்ணீரைக் குடித்துவிடும் என்று அவனே முதலில் எல்லாவற்றையும் மிதித்துச் சமப்படுத்தியிருந்தான்.

"ஏனுங் மூக்கண்ணா, நெல்லை அறுக்கப் போறீங்களா, குளிப்பாட்டப் போறீங்களா?" என்றான் வேலுமணி.

"எங்கூர்ல ஒரு கொடம் தண்ணிக்கு வெட்டிக்கிட்டுச் செத்திருக்கானுக. நானா தொறந்து விடுறது? மீனும்ல செத்துப்போகும்."

தாள்கள் சாயத் தொடங்கின. அடிக்கதிரில் முளை கண்டது. பேச்சியம்மா மூக்கன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள்.

"மீனு போனா அழுதுக்கிடலாம். நெல்லு போனா எந்தப் புள்ளைக்குங்க அழுறது?"

மடையை வெட்டினாள். அந்நேரம் பள்ளத்தாக்கில் பனி இறங்கி வயல்மேல் படுத்திருந்தது. தண்ணீர் மெலிய மெலிய, கெண்டைகள் ஒவ்வொன்றாக மூக்கை உயர்த்தி, பனியை ருசி பார்த்து, அதற்குள் நீந்திப் போயின. மூக்கன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அவள் அரிவாளை எடுக்கப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே நெல் லயத்துக்கு வந்தது. துரை குதிரையில் வந்து மூட்டைகளைப் பார்த்தார். பனிக்குள் தேயிலைப் பூச்சிகளைக் கொறித்துக்கொண்டிருந்த மீன்களையும் பார்த்தார்.

"இது எஸ்டேட் மீனா, உன் மீனா?"

"தேயிலைப்பூச்சியத் தின்னா எஸ்டேட்டு மீனு. நெல்லுப்பூச்சியத் தின்னா என் மீனுங்க தொரை."

துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கற்பூர மரக் கன்றுகள் வேறு சரிவுக்குப் போயின.

அடுத்த நடவில் மழையோடு கெண்டைகள் வயலுக்கு இறங்கின. அதன் பிறகு வருஷா வருஷம் அப்படியே நடந்தது. அந்த வயல் சோற்றில் மூன்றாவது பிள்ளை தோளுக்கு வளர்ந்தது. மடை வெட்டுவதை மூக்கனே ஏற்றுக்கொண்டான். பனி வயல்வரை இறங்கிவிட்டதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வான்.