பதினேழாம் எண் வீட்டு வாக்காளர்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நகராட்சியின் வாக்காளர் பதிவு அலுவலகத்தில் நான்கு வருடம் எழுத்தராக இருந்தேன். கூட வேலை பார்த்த கிளெனிஸ் ஹார்ட்னால் ஒரு தேநீர் இடைவேளையில், கோப்பையை வாயில் வைக்காமலே, இதைச் சொல்லி முடித்தார். "நீ கதை எழுதுவியாமே. எழுதிக்கோ கண்ணு. என் பேர மட்டும் மாத்திடு." மாற்றிவிட்டேன். ஊர்ப்பெயரையும் எடுத்துவிட்டேன். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், மீன்பிடித் தொழில் நொடித்துப்போன ஊர். அது போதும்.

முதல் தொடக்கம்: "அக்டோபர் மழையில் கிளெனிஸ் அந்தக் கதவின் முன்னால் நின்று—"

அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் அவர் தட்டப்போகிறார் என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

2

முன்பெல்லாம் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வாக்காளர் படிவத்துக்குத் தபாலில் பதில் வராத வீடுகளுக்கெல்லாம் நகராட்சி ஆள் அனுப்பும். யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் செத்தார்கள் என்று வாசலில் நின்று கேட்டு எழுதி, டிசம்பர் முதல் தேதி புதிய பட்டியல் வெளியிட வேண்டும். கிளெனிஸ் பத்தொன்பது வருடம் அப்படி நடந்தவர்.

பிறகு கணினி வந்தது. கோடையிலேயே பட்டியலை ஓய்வூதியத் துறையின் விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பெயர்கள் பொருந்திய வீட்டுக்குப் பச்சைக்குறி. அங்கே ஆள் போகத் தேவையில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு கடிதம் மட்டும் போகும்: ஏதும் மாறவில்லையென்றால் பதில் வேண்டாம்.*

(* அந்தக் கடிதங்களை உறையில் போட்டவர்களில் நானும் ஒருவன். இதைக் கதைக்குள் எங்கே வைப்பதென்று தெரியாமல் இங்கே தள்ளியிருக்கிறேன்.)

3

வில்ஃப் ஆக்டன், எழுபத்தெட்டு வயது. மீன் சந்தையில் பெட்டி தூக்கியே முதுகு வளைந்தவர். பதினேழாம் எண் வீட்டில் தனியாக இருந்தார். படிவத்தை எந்த வருடமும் தபாலில் திருப்பி அனுப்பியதில்லை. கிளெனிஸ் வர வேண்டும் என்பதற்காகவே அனுப்பவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கிலியை மாட்டியபடியே கதவை ஒரு சாண் திறப்பாராம்.

"யாரு? நான் இன்னும் சாகலையான்னு பாக்க வந்தியா?"

"சாகறதா இருந்தா கையெழுத்துப் போட்டுட்டு சாவு வில்ஃப். எனக்கு இன்னும் நாப்பது வீடு கெடக்கு."

பிறகு உள்ளே கூப்பிட்டு இஞ்சி பிஸ்கட் கொடுப்பார். [பிஸ்கட்டை கிளெனிஸ் சொல்லவில்லை. உங்களுக்கு அவரைப் பிடிக்க வேண்டுமே என்று நான் சேர்த்தது. எடுத்துவிடலாம். சங்கிலி உண்மை.]

கணினி வந்த பிறகு பதினேழாம் எண்ணுக்குப் பச்சைக்குறி விழுந்தது. கிளெனிஸ் அந்த வாசலை மிதிக்க வேண்டிய அவசியம் போயிற்று.

4

அக்டோபர் பதினான்கு. பத்தொன்பதாம் எண்ணுக்குப் புதிதாகக் குடிவந்த கெரி என்ற இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். தன் பெயரைச் சொல்லி முடித்த கையோடு பக்கத்து வீடான பதினேழைக் காட்டினாள்; அந்தத் தெருவில் ஒற்றை எண்கள் எல்லாம் ஒரே பக்கம்.

"அங்க ஒரு தாத்தா இருக்காருன்னாங்க, நீங்க பாத்தீங்களா? நாங்க வந்து மூணு வாரமாச்சு, ஒரு சத்தத்தையும் காணோம். நான் தட்டுனா நல்லாருக்காது, புதுசு. நீங்க ஆபீஸ் ஆளு. ஒரு தட்டுத் தட்டிட்டுப் போங்களேன்."

"அந்த வீடு என் பட்டியல்ல இல்லம்மா. சரியா இருக்குன்னு குறி போட்டிருக்கு."

"யாரு போட்டது?"

கிளெனிஸ் பட்டியலை மடித்தார். மழை வலுத்துக்கொண்டிருந்தது, இன்னும் பதினோரு வீடு பாக்கி. பதினேழாம் எண்ணின் திரைச்சீலை மூடியிருந்ததைப் பார்த்தார். வில்ஃப் பகலிலும் திரையை மூடி வைக்கிற மனிதர்தான். படியிறங்கிப் போய்விட்டார். கெரி இரண்டே மாதத்தில் வீடு மாறிவிட்டாள்.

இந்த இடத்தில் கிளெனிஸ் திரும்பி வந்து தட்டுவதாக மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் உள்ளேயிருந்து சங்கிலிச் சத்தம் கேட்டது. மூன்று தாளையும் கிழித்தேன்.

5

அடுத்த செப்டம்பரில் தண்ணீர் கசிகிறது என்று கதவை உடைத்த குழாய்க்காரர்தான் வில்ஃபைக் கண்டார், குளியலறைத் தரையில். அவரைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். ஓய்வூதியம் வங்கிக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்ததால், இரண்டு மாதம் முன்னால் ஜூலையிலும் கணினி அந்த வீட்டுக்குப் பச்சைக்குறி போட்டிருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கதவுக்குப் பின்னால் கிடந்த தபால் குவியலில் எங்கள் கடிதம் இரண்டு.

கிளெனிஸ் அலுவலகத்தில் கத்தினார். அவர் கத்தி நான் பார்த்தது அன்றுதான்.

"பேர எடுங்க ரோலண்ட். செத்துப்போன மனுசன் பேரு டிசம்பர் பட்டியல்ல வரப்போவுது!"

மேலாளர் ரோலண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மரண விசாரணை முடியாம மரணப் பதிவு வராது. அது வராம நான் எப்படி எடுக்கறது? பேப்பர்ல வந்ததுன்னு எடுத்தா நாளைக்கு உயிரோட இருக்கறவன் பேரையும் எடுப்போம் கிளெனிஸ்."

ரோலண்டைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. டிசம்பர் முதல் தேதி பட்டியல் வந்தது. ஆக்டன், வில்ஃப், பதினேழு.

6

ஜனவரியில் மரண விசாரணை. கிளெனிஸை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே போய், கெரி கேட்டதையும் தான் சொன்னதையும் தேதியோடு சாட்சி சொன்னார். கடைசியாக வில்ஃப் உயிரோடு இருந்ததற்கு ஆதாரம், கெரி குடிவந்த அதே வருடம் செப்டம்பர் மூன்றாம் தேதியிட்ட ஒரு இறைச்சிக் கடை ரசீது. அந்த செப்டம்பருக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையில் எந்த நாளாகவும் இருக்கலாம், துல்லியமாகச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். விழுந்து உடனே போனாரா, சில நாள் கிடந்தாரா என்பதும் தெரியாது.

வெளியே நடைவழியில் வில்ஃபின் தங்கை டோரீன் வந்து கிளெனிஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீதான் தட்டாமப் போனவளா?"

"ஆமா."

"நான் வருசா வருசம் கிறிஸ்துமஸ் வாழ்த்து போடுவேன். அவன் பதில் போடமாட்டான். கார்டு திரும்பி வராது, அதனால இருக்கான்னு நெனச்சுக்குவேன்." சற்று நேரம் கையுறையைப் பிசைந்தாள். "அந்த டாக்டர தனியாக் கேட்டியா? பதினாலுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"கேட்டேன். தெரியாதுன்னுட்டாரு."

"நானும் கேட்டேன்" என்றாள் டோரீன்.

7

பிப்ரவரியில் பெயர் நீங்கியது. கிளெனிஸ் மார்ச்சில் வேலையை விட்டார். எனக்கு எஞ்சியிருப்பது முடிவு.

மருத்துவருக்கு இல்லாத அதிகாரம் எனக்கு இருக்கிறது. செப்டம்பர் இருபது என்று எழுதினால் போதும், கிளெனிஸ் இனி உறங்குவார். அக்டோபர் பதினாறு என்று எழுதினால், பதினான்காம் தேதி வில்ஃப் அந்தத் தரையில் கிடந்தபடி, மழைக்கு நடுவே, அடுத்த வாசலில் தனக்குத் தெரிந்த குரல் ஒன்றைக் கேட்டு, வாயைத் திறந்து—

இதை நான் முடிக்கமாட்டேன். கிளெனிஸுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டியவன் நான். பேனா இப்போது உங்களிடம்.

வில்ஃப் ஆக்டன் இறந்த தேதி: ................