நீலக் கோடு படுத்த நாள்

அயன் பெட்டியின் பிளக்கைச் செருகி, பிளவுஸின் ஒரு கையை மேசையில் விரிப்பதற்குள் ஃபோன் அடித்தது. சுதர்சிகா பெயரைக்கூடப் பார்க்கவில்லை. இந்த நேரத்தில் இந்தக் காரியத்துக்கு ஃபோன் எடுக்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

“ஆர் அயன் போட்டது?” என்றான் அவள் புருசன் தர்மசீலன்.

“வீட்டில நான் ஒராள்தானே இருக்கிறன். பேய் வந்து போட்டிருக்குமோ?”

“பற்றரி இன்னும் பாதிகூட நிரம்பேல்ல சுதா. பன்ரெண்டு மணிக்குப் பிறகு போடன்.”

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியது தெரிந்ததும் அந்தப் பக்கம் “ஆ, இறங்கீற்றுது” என்று ஒரு திருப்தி வேறு!

தர்மசீலனுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. நடுத்துறையில் கப்பலுக்குக் கயிறு போடுகிற மனுசனுக்கு, கப்பல்துறை என்கிற ஊரில் இருக்கிற வீட்டில் அயன் பெட்டி சூடாவது எப்படித் தெரியும்? எல்லாம் அந்த ஃபோன் செய்கிற வேலை. கூரையில் சோலர் பூட்ட வந்தவர்கள் சும்மா போகாமல் அவனுடைய ஃபோனில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மஞ்சள் கோடு வெயில் தருகிற கறண்ட். நீலக் கோடு வீடு தின்கிற கறண்ட். பக்கத்தில் பற்றரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒரு படம். நாசமாய்ப் போன நீலக் கோடு! தேத்தண்ணிக்குக் கேத்தல் போட்டால் ஏறும், தண்ணி மோட்டர் போட்டால் ஏறும், ஏறினால் ஃபோன் அடிக்கும்.

இத்தனைக்கும் அந்தச் சோலர் வந்ததே சுதர்சிகாவுக்காகத்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் வீட்டிலிருந்து சாரி பிளவுஸ் தைக்கிறவள். போன வருசம் கச்சான் காற்று அனலாய் வீசினபோது, வியர்த்த கையால் பட்டுத் துணியைத் தொட முடியாமல் அவள் பட்ட பாட்டைப் பார்த்து, தையல் அறைக்கு ஏசி பூட்டியவன் அவன். மாதம் முடிந்து வந்த பில்லைப் பார்த்துக் கதிரையில் அப்படியே இருந்தவனும் அவன்தான். பிறகு வங்கியில் கடன் எடுத்து, கூரையில் சோலரும் சுவரில் பற்றரியும் வந்தன. பகல் வெயிலைப் பற்றரியில் சேர்த்து வைத்து, பொழுது பட்ட பிறகு அதில் ஏசியையும் விசிறியையும் ஓட்டினால், வெளியிலிருந்து வாங்குகிற யூனிட் குறையும். யூனிட் கூடக் கூட விலையும் கூடுகிற கோடை பில் சுருங்கிவிடும். நல்ல கணக்குத்தான். முதல் மாதமே பில் பாதிக்குக் கீழே வந்தது. அதோடு விட்டால் அவன் தர்மசீலனா? பில் ஒன்றுமில்லை என்று வரவேண்டுமாம். அதற்காகப் பற்றரி நிரம்பும்வரை வீட்டில் ஒன்றையும் போடக்கூடாதாம்.

இது கோயில் திருவிழாக் காலம். வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டிய பிளவுஸ்கள் கூடை நிறையக் கிடந்தன. தைக்கத் தைக்க அயன் போட்டால்தான் தையல் படியும். இந்த வேலை சொன்ன நாளில் சொன்னபடி கொடுத்தால்தான் நிலைக்கும், ஒருமுறை பிந்தினால் ஆட்கள் அடுத்த தையல்காரியிடம் போய்விடுவார்கள். இது அவள் ஒரு மிஷினோடு தொடங்கி, தானே கட்டி எழுப்பிய தொழில். அதைக் கேட்டுக் கேட்டுச் செய்ய அவளால் முடியாது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் வெடித்துவிட்டாள்.

“எனக்கு ஏசியும் வேண்டாம், சோலரும் வேண்டாம். இன்னும் ஒருக்கா ‘ஆர் அயன் போட்டது’ எண்டு கேட்டீங்களெண்டா, நான் மிஷினையும் தூக்கிக்கொண்டு இலங்கைத்துறைக்கு அம்மாவிட்டப் போயிருவன். நீங்கள் அந்தக் கோட்டோட குடும்பம் நடத்துங்கோ.”

“உனக்காகத்தானே சுதா...”

“எனக்காக எண்டா என்னை விடுங்கோ.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் அவன் வேலைக்குப் போன பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பில் ஒன்றுமில்லை என்று வரவேணுமா? வரட்டும்! விசிறியை நிறுத்தினாள். ஏசியை நிறுத்தினாள். ஃப்ரிஜ்ஜில் கிடந்த மீனை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பூரணியக்காவின் ஃப்ரிஜ்ஜில் வைத்துவிட்டு வந்து, ஃப்ரிஜ்ஜின் பிளக்கையும் கழற்றினாள். வைஃபை பெட்டியை மட்டும் விட்டுவைத்தாள், இல்லாவிட்டால் படகில் இருக்கிற துரையால் கோட்டைப் பார்க்க முடியாதே. ஃபோனையும் கதிரையில் போட்டாள். கிணற்றடியில் கால் கழுவி, ஈரச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, அயன் பெட்டியும் பிளவுஸ் கூடையுமாக வேலியில் ஓலை பிரிந்திருந்த பொட்டால் பூரணியக்கா வீட்டுக்குள் நுழைந்தாள்.

“அடி பிள்ளை, உன்ர வீட்டுக் கூரையில சூரியனையே பிடிச்சு வச்சிருக்கிறியள். நீ என்ர கறண்டில அயன் போடுறியோ?” என்றாள் பூரணியக்கா.

“உங்கட பிளவுஸுக்குக் கூலி வேண்டாம் அக்கா. ஃபோன் அடிக்காத இடத்தில கொஞ்ச நேரம் இருக்க விடுங்கோ.”

அப்பாடா, என்ன சுகம்! ஒன்றன்பின் ஒன்றாகப் பிளவுஸ்கள் மடிப்புக் கலையாமல் அடுக்கில் ஏறின. பூரணியக்கா தேத்தண்ணி ஊற்றினாள், ஊர்க்கதை சொன்னாள். பத்து மணி தாண்டியது, பதினொரு மணி தாண்டியது. சுதர்சிகா வாய்க்குள் பாட்டுக்கூடப் பாடினாள்.

அப்போதுதான் ஒரு மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் தலைதெறிக்க வந்து நின்ற சத்தம் கேட்டது.

“சுதா! சுதா!”

வந்திட்டார், இனி ஃப்ரிஜ் ஏன் ஓடவில்லை என்று கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் பிளவுஸை அழுத்தித் தேய்த்தாள். கேட்கட்டும். கதவு ஒவ்வொன்றாக அடிபட்டது. அறைக்குள் ஒரு தரம், குசினிக்குள் ஒரு தரம், அவள் பெயர் வீடு முழுக்க ஓடியது. பிறகு குரல் நின்றுபோயிற்று.

பூரணியக்கா யன்னலால் எட்டிப் பார்த்தாள். “ஐயோ, இஞ்ச வா பிள்ளை. உன்ர மனுசன் கிணத்துக்குள்ள பாக்கிறார்.”

சுதர்சிகா ஓடி வந்து பார்த்தாள். தர்மசீலன் படகிலிருந்து வந்த கோலத்திலேயே நின்றான். மண்ணிறமான காலணி, எண்ணெய் பட்ட களிசான், அதற்கு மேலே கழற்ற மறந்த செம்மஞ்சள் மிதப்பு அங்கி. ஒரு கையில் அவளுடைய செருப்பு. மற்றக் கையால் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து தண்ணீரைப் பார்த்தான்.

“நான் இஞ்ச இருக்கிறன்!” என்று கத்திக்கொண்டு அவள் வேலிப் பொட்டால் பாய்ந்தாள். சட்டை கிழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அவன் திரும்பினான். அவளைக் கண்டதும் கிணற்றுக் கட்டில் பொத்தென்று இருந்துவிட்டான். அழுதானா, மூச்சு வாங்கினானா, இரண்டும்தான்.

“கோடு படுத்திட்டுது,” என்றான். “ஃப்ரிஜ்கூட ஓடேல்ல. ஃபோன் எடுத்தா நீ தூக்கேல்ல. வந்து பாத்தா ஃபோன் கதிரையில, செருப்புக் கிணத்தடியில. ராத்திரி வேற அப்பிடிக் கதைச்சனீ. நான் என்னெண்டு நினைக்கிறது?”

“பூரணியக்கா வீட்டில அயன் போட்டனான்.” சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. “பில் குறையட்டும் எண்டு.”

“பில் குறையவேணுமெண்டு ஆர் கேட்டது?”

“நீங்கள்தானே! நாள் முழுக்க!”

அவன் செருப்பை அவளுடைய காலடியில் வைத்தான்.

“மோட்டர் போட்டா நீ குளிக்கப் போறாய் எண்டு தெரியும். மிஷின் ஓடினா சந்தோசமாத் தைக்கிறாய். பின்னேரம் கேத்தல் போட்டா எனக்கும் அங்க தேத்தண்ணி குடிக்க வேணும் போல இருக்கும். படகில அதைத்தான் பாத்துக்கொண்டிருப்பன். உன்னைப் பாக்கிற மாதிரி.”

“அப்ப அதைச் சொல்லி ஃபோன் எடுக்கிறதுதானே? ஏன் ‘ஆர் அயன் போட்டது’ எண்டு விசாரிக்கிறீங்கள்?”

“வேற என்ன கேக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்ல,” என்றான் தர்மசீலன்.

சுதர்சிகாவுக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவம், இந்த மனுசன்! அவனுடைய அங்கியின் கொக்கிகளைக் கழற்றிவிட்டாள். “இதைப் போட்டுக்கொண்டு கிணத்தில குதிச்சா தாழவும் மாட்டீங்கள்,” என்றபோது அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூரணியக்கா, “அயன் பெட்டி இன்னும் சுடுது பிள்ளை, என்ர பில் ஏறுது!” என்று குரல் கொடுத்தாள்.

பிளவுஸ்கள் வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. திங்கட்கிழமை காலையில் சுதர்சிகா அயன் பெட்டியைச் செருகினாள். ஃபோன் அடித்தது.

“சுதா.”

“சொல்லுங்கோ.”

அந்தப் பக்கம் படகு இரைந்தது. அவன் அந்தப் பழைய கேள்வியை விழுங்குவது தெரிந்தது.

“சாப்பிட்டியா?”

“ரெண்டு பேரும் சேர்ந்துதானே இடியப்பம் சாப்பிட்டனாங்கள்.”

“ஓம் என்ன. சும்மா கேட்டனான்.”

“அயன் போட்டிருக்கிறன்,” என்றாள் அவள்.

“தெரியும். போடு, போடு.”

அந்த மாதப் பில் ஒன்றுமில்லை என்று வரவில்லை. போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் வந்தது. தர்மசீலன் அதைப் பார்த்துவிட்டு, மடித்து அலுமாரிக்குள் வைத்தான். இப்போதெல்லாம் பின்னேரம் மூன்று மணிக்கு, அவளுக்குத் தேத்தண்ணி வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், சுதர்சிகா கேத்தலைப் போடுகிறாள்.