வால் உதிர மறுத்த தலைப்பிரட்டை

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் கடைசிப் பல் இந்தக் காபிக் கோப்பையிலேயே விழட்டும். எங்கள் ஹார்லிங்கன் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இந்த வொபே கிழவன் எதையும் கூட்டிச் சொன்னதே கிடையாது.

துறைமுகத்தை ஒட்டிய முதியோர் இல்லத்தில் என் மனைவி சிட்ஸ்கே படுத்திருந்தாள். மருத்துவர்கள் கைவிரித்தாயிற்று. தினமும் காபி நேரத்துக்குப் போவேன். எங்கள் தவளைப் பெட்டியைப் பற்றித்தான் பேச்சு. கண்ணாடிப் பெட்டியின் மேலே, மரப்பட்டையில் தொற்றி நிற்கும் ஆர்க்கிடுகள் அவளுடையவை. கீழே, இலையிடுக்கில் தண்ணீர் தேக்கி வைத்திருக்கும் புரோமிலியாட் செடிகள் என்னுடையவை. நகத்தளவுச் சிவப்புத் தவளைகள் பொதுச் சொத்து.

முதல் நாளே நல்ல செய்தி சொன்னேன். தாய்த்தவளை ஒரு தலைப்பிரட்டையை முதுகில் சுமந்துபோய் புரோமிலியாட் தண்ணீரில் இறக்கிவிட்டிருக்கிறது; அது தின்பதற்கென்று அவ்வப்போது வந்து கருவில்லாத முட்டையும் இட்டுப் போகிறது.

“அது வால் உதிர்ந்து வெளிய வரட்டும். அதுவரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன்” என்றாள் சிட்ஸ்கே.

அன்றோடு அந்தத் தலைப்பிரட்டை வளர்வதை நிறுத்திக்கொண்டது. முதலில் காரணம், தாய் கொடுத்த செல்லம். பிறகு ஓர் ஆர்க்கிட் இதழ் உதிர்ந்து போர்வையாக மூடிவிட, விடியவே இல்லை என்று தூங்கிப்போனது.

“நேத்து பின்னங்கால் ரெண்டும் வந்துச்சு. வெளிய எட்டிப் பாத்து, மழைன்னு தெரிஞ்சதும் காலை உள்ள இழுத்துக்கிச்சு.”

“யோவ், பெட்டிக்குள்ள ஏதுய்யா மழை?”

“ஜன்னல் வழியா பாத்துச்சு.”

அவள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, தாதி யில்டூ ஓடி வந்தாள். “தாத்தா, சிரிக்க வச்சே கொன்னுடாதீங்க.”

வசந்தம் போனது. கோடைத் தொடக்கத்தின் புது ஹெர்ரிங் மீன் கடைக்கு வந்தது. சிட்ஸ்கேவுக்குக் காபியைக் கரண்டியால் உதட்டில் நனைத்துவிட வேண்டியிருந்தது. ஒரு நாள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கிழவா, அந்தப் பிள்ளை பாவம்யா. எவ்வளவு நாள்தான் அந்த இடுக்குத் தண்ணியிலயே கிடக்கும்? விட்டுடு.”

“இன்னும் முன்னங்கால் வரலையே.”

“வந்துடுச்சு. நீதான் பாக்கமாட்டேங்குற.”

மறுநாள் ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பு தூவி எடுத்துப்போனேன். எங்கள் பக்கம் வீட்டில் குழந்தை பிறந்தால் அதுதான். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஜா நிறம்.

“ஏன் தாத்தா ரெண்டு நிறமும் இருக்கு?” என்றாள் யில்டூ.

“தவளையில ஆண்தான் பாடும். இது இன்னும் பாடலையேம்மா.”

சிட்ஸ்கே கண்ணைத் திறந்தாள். “எங்க உக்காந்திருக்கு?”

“உன் ஆர்க்கிட் மேல. மொட்டு விரிஞ்சிடுச்சு. வெள்ளை.”

“வால்?”

ஒரு சோம்பை எடுத்து அவள் உதட்டில் வைத்தேன். அதன் சர்க்கரை கரைந்தது.

“வால் இல்ல” என்றேன்.

சொன்ன சொல் தவறாதவள். அடுத்த காபி வண்டி வருவதற்குள் போய்விட்டாள்.

இல்லத்துக்கு வருவதற்கு முந்தைய வாரமே, அந்தப் பெட்டியைத் தவளைகளோடும் செடிகளோடும் தவளைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டவள் சிட்ஸ்கேதான். மறுமுனையைப் பிடித்துப் படியிறங்கியவன் நான்.