மணிக்குப் போட்ட மாலை

ஆயுத பூஜைக்கு ஆலையிலுள்ள எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தேன். எழுபத்தைந்தாம் வருஷம் புதிதாக வந்த தேயிலை வெட்டும் மெஷினுக்கு மட்டும் வைக்கவில்லை. வைக்க மனசு வரவில்லை.

ஏலப்பாறைப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஆலையில் இலை சுருட்டும் பழைய ரோலரை நாலு பேர் சேர்ந்து ஓட்டினோம். ஒருத்தன் வெளியே போனால் இன்னொருத்தன் பார்த்துக்கொள்வான். என் பெண்டாட்டி குருவம்மாள் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தால், எடை போடும் கொட்டகையில் இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடிப்போம். பேச்சு பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்த டீக்காகத்தான் நான் வேலைக்கே வந்துகொண்டிருந்தேன்.

புது மெஷினுக்கு நான் ஒருவன் போதுமாம். கொழுந்தைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் தலைக்கு மேலே இருக்கிற மணி ஆபீஸ் வரைக்கும் கேட்கும்படி அலறும். கோள்மூட்டி! ஒன்றுக்குப் போனாலும் காட்டிக்கொடுத்துவிடும். குருவம்மாள் தனியாக டீ குடித்துவிட்டு, "அந்த மெஷினையே கட்டிக்கிட்டு அழுவுங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எல்லாத்துக்கும் வச்சே. இது மட்டும் என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றார் டீமேக்கர் சூசையப்பன். ஆலைக்கு அவர்தான் பெரியவர். "பொட்டு வையி. மாலையும் போடு."

"சரிங்கய்யா" என்றேன். சந்தனத்தைக் குழைத்து மணிமேல் அப்பினேன். சாமந்தி மாலையை அதன் நாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பூஜை மாலை வாடித் தானாக விழும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆலை வழக்கம். சூசையப்பன் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விஜயதசமிக்கு மெஷினை ஓட்டினோம். குருவம்மாள் குரல் கேட்டதும் கொழுந்தை நிறையத் தள்ளிவிட்டு வெளியே நடந்தேன்.

"வந்துட்டீகளா! மணி அடிக்காதா?"

"அது வாயில பூ வச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டினாள். உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். தங்கச்சி வீட்டுச் சேதி ஏதோ சொன்னாள். காதில் ஏறவில்லை. கொழுந்து குறைந்திருக்குமோ? இந்நேரம் அடித்திருக்குமோ? பாதி டம்ளரிலேயே எழுந்துவிட்டேன்.

"எங்க ஓடுறீக? மணிதான் அடிக்கலையே!"

"எனக்குக் கேக்குதுடி" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.