மூன்று விரற்கடை குறைவு

என் முடியை நீட்டிப் பிடித்தால் தோளைத் தொடும். கையை விட்டால் சுருண்டு காதுமடலுக்கே ஓடிவிடும். ஈரம் பட்டால் இன்னும் மேலே ஏறும். அதனால் உன் முடி எவ்வளவு நீளம் என்று யாராவது கேட்டால், எந்த நேரத்து நீளத்தைக் கேட்கிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்க வேண்டும்.

அம்மா இருந்தவரை இந்தத் தொல்லையே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னைப் பிடித்து உட்காரவைத்து, ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பதுபோல ஒட்ட நறுக்கிவிடுவாள். "சீப்புப் பல்லு உடையுது. எனக்கு வேற பொழப்பு இல்லையா?" என்பாள். நாளெல்லாம் செங்கல் சுமந்துவிட்டு வருகிறவளிடம் தலை பின்னிவிடச் சொல்ல எனக்கும் வாய் வராது.

அண்ணி வந்த பிறகுதான் என் தலையில் முடி என்று ஒன்று வளர்ந்தது. வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே என் தலைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இது சீப்புக்கு வந்த தலை இல்ல கண்ணு, விரலுக்கு வந்த தலை" என்றாள். காய்ந்த முடியில் கை வைக்கவே விடமாட்டாள். நன்றாக நனைத்து, கற்றாழைச் சாற்றை ஊற்றி, எட்டுப் பாகமாகப் பிரித்து, நுனியில் தொடங்கி மேல்நோக்கி விரலாலேயே சிக்கெடுப்பாள். வேரிலிருந்து இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். பிறகு எண்ணெய் தடவிப் பின்னல். ரப்பர் போடக் கூடாது, முடியைத் தின்றுவிடும் என்று ஒவ்வொரு பின்னல் நுனியிலும் பஞ்சுநூல் கட்டுவாள். ஒரு வாரத்துக்கு அவிழ்க்கக் கூடாது. தலையணை எண்ணெயைக் குடித்துவிடுகிறதாம். பழைய கோட்டு ஒன்றின் வழுவழுப்பான உள்துணியைக் கிழித்து, படுக்கும்போது தலையில் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள்.

முன்பக்கம் நானே பின்னிக்கொள்வேன். பின்பக்கமும் நூல் கட்டுவதும் அவள் கை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று மணி நேரம் அவள் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன். பெற்றவள்கூட என்னை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் தொட்டதில்லை.

நான் நூல் மில்லில் கழிவுப்பஞ்சு பிரிக்கிறவள். மெஷினுக்குக் கீழே விழுவதை வாரிக்கொண்டு வந்து கொட்டுவார்கள். நீள இழை தனி, குட்டை இழை தனி, குப்பை தனி. ஒரு கொத்தை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே பிடித்து இழுத்தால் போதும், எது எந்தக் குவியலுக்கு என்று விரல் சொல்லிவிடும். ஆறு வருடமாக அந்தத் தூசியைத்தான் தின்கிறேன். காலையில் எழுந்ததும் இருமல், பிறகுதான் மற்றதெல்லாம். மெஷின் ஓட்டும் வேலைக்கு ஏறிவிட்டால் தூசி குறைவு. ஷிப்டு வேலை என்பதால் உள்ளூர்க்காரிகளுக்கும் மில் ஹாஸ்டலில் கட்டில் உண்டு. அண்ணன் வீட்டில் பிள்ளைகள் இரண்டும் படுத்தது போக மிஞ்சிய இடம் என்னுடையது. இருபத்தாறு வயதில் எனக்கென்று ஒரு கட்டில் வேண்டும் என்று நினைத்தது பேராசையா, தெரியவில்லை.

மெஷினுக்குப் போக ஒரு விதி இருந்தது. முடி தொப்பிக்குள் அடங்க வேண்டும். ஒன்று, ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னல்களை உச்சியில் குறுக்காகப் போட்டு ஊசி குத்தும் அளவுக்கு நீளம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நேர்முடிக்காரிகள் எப்படியாவது முடிந்து அமுக்கிவிடுவார்கள். என்னுடையது தொப்பியையும் தூக்கிக்கொண்டு எழும்பும்.

சோதிக்கிற சூப்பர்வைசரை எல்லோரும் தொப்பியம்மா என்போம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவள் என் தலையில் தொப்பியை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அடியே சுருட்டை, உள்ள என்ன கோழி ஏதும் வளக்குறியா? ஒட்ட வெட்டிட்டு வா, நாளைக்கே ஏத்திடறேன்."

"வெட்ட மாட்டேம்மா. வளத்துட்டு வரேன்."

"அஞ்சு விரற்கடை வேணும். இது எந்தக் காலத்துல வளர்றது?"

"வளரும்மா. எங்க அண்ணி கைராசி அப்படி."

அண்ணியிடம் சொன்னபோது என்னைக் கட்டிக்கொண்டாள். "உனக்கு மெஷின் கிடைக்கிற அன்னைக்கு நானே பின்னி அனுப்புறேன்" என்றாள்.

மாதத்துக்கு ஒரு விரற்கடை என்றால்கூட ஐந்து மாதம். எனக்கு ஐந்து மாதத்தில் அரை விரற்கடை வந்தது. தண்ணீர் சரியில்லை என்று அடுத்த தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். முட்டை தின்றேன். தேநீரை விட்டேன். உதிர்ந்த முடியைத் தாளில் பரப்பிவைத்து, வேரோடு வந்தது எது, நடுவில் அறுந்தது எது என்று பார்த்தேன். அறுந்தது அதிகமில்லை. பிறகு ஏன்?

"சுருட்டை முடி கண்ணு, வளர்ந்தாலும் உள்ள இழுத்துக்கும். வெளிய தெரியாது" என்றாள் அண்ணி. பாதி உண்மை அது. அந்தப் பாதிதான் என் கண்ணைக் கட்டியது. ஒருநாள் அளந்து பார்த்துவிட்டு அழுதேன். அவள்தான் முந்தானையால் துடைத்துவிட்டாள். தன் தட்டிலிருந்த முட்டையையும் எனக்கு வைத்தாள்.

போன மாதம் மெஷினில் ஓர் இடம் காலியானது. தொப்பியம்மா கூப்பிட்டாள். பின்னல்களை உச்சிக்கு இழுத்துப் பார்த்தாள். நன்றாகவே இழுத்தாள், கண்ணில் நீர் வரும்வரை.

"மூணு விரற்கடை குறையுது. நான் என்னடி பண்ண?"

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன ஒருத்திக்கு இடம் போனது.

பஞ்சுக் குவியலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். கூட வேலை பார்ப்பவளை லவுட்ஸ்பீக்கர் என்போம். வெளியூர்க்காரி, ஹாஸ்டலில் இருப்பவள். அவள் ரகசியம் சொன்னால் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் பதில் சொல்வார். "விடுடி, மெஷின் எங்க ஓடிப்போயிடப் போகுது" என்று அவள் கத்திக்கொண்டிருக்க, நான் ஒரு பின்னலின் நூலை அவிழ்த்து, நுனியைக் கட்டைவிரல்களுக்கு நடுவே பிடித்து இழுத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. கைப்பழக்கம்.

விரல் நின்றுவிட்டது. தானாக அறுகிற இழை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் அறும். சேர்த்துப் பிடித்தால் நுனி கூம்பிக்கொண்டு போகும். இதுவோ சுவர் மாதிரி நின்றது. எல்லாம் ஒரே மட்டம். அடுத்த பின்னலை அவிழ்த்தேன். அதுவும் அப்படியே.

லவுட்ஸ்பீக்கரும் வாங்கி உருட்டிப் பார்த்தாள். "இது கத்திரி."

"நுனி பிளந்தா அண்ணி கொஞ்சம் எடுப்பாங்க. எப்பவாவது."

"கடைசியா எப்ப?"

"மழைக்கு முன்னாடி."

"மழைக்கு முன்னாடி வெட்டினது இந்நேரம் மழுங்கியிருக்கும். இது இந்த வாரத்து வெட்டு." பின்னலை விட்டாள். "கூட இருந்து கழுத்தை அறுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நுனியை அறுக்கிறதை இப்பத்தான்டி பாக்குறேன்."

அவளை அடிக்கலாம் போல இருந்தது. அண்ணியை அல்ல, அவளை.

நான்கு நாள் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அண்ணி சிக்கெடுத்தாள், எண்ணெய் தடவினாள், தான் வேலை பார்க்கும் கேன்டீனில் சமையல்காரர் உப்பை இரண்டு தரம் போட்ட கதையைச் சொன்னாள். நானும் சிரித்தேன். முதல் பின்னல் முடிந்தது. நூலைச் சுற்றினாள். கத்திரிச் சத்தம் ஒருமுறை கேட்டது. உடனே இன்னொரு முறை கேட்டது.

ஒரு நூலுக்கு ஒரு நறுக்கு போதும். எத்தனை ஞாயிறு இந்த இரண்டாவது சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்!

அப்படியே திரும்பி மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் கை மூடிக்கொண்டது.

"விரலைத் திறங்க அண்ணி."

"நூலு கண்ணு..."

"திறங்க."

உள்ளங்கையில் மிளகுபோல் மூன்று நான்கு சுருள்கள். எண்ணெய் மினுக்கோடு இருந்தன.

"எத்தனை நாளா?"

அவள் பொய் சொல்லவில்லை. "நீ மெஷின் பேச்சை எடுத்ததிலேருந்து. வாராவாரம் கொஞ்சூண்டு." பிறகு அவளாகவே சொன்னாள்: "முதல் தடவை கத்திரியைக் கீழ வச்சுட்டு வச்சுட்டு எடுத்தேன். அப்புறம் பழகிப்போச்சு."

"நான் அழுதப்ப துடைச்சுவிட்டீங்களே, அது?"

அவள் கத்திரியைப் பாய்க்குக் கீழே தள்ளினாள்.

வாசலில் அண்ணன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். நிறுத்தாமலே சொன்னான். "இப்ப என்ன கொலையா நடந்துபோச்சு? மயிருதானே."

"உனக்குத் தெரியுமா அண்ணே?"

பம்பு இரண்டு முறை ஏறி இறங்கியது. "பிள்ளைங்க நாலரைக்கு வருதுங்க. இவ கேன்டீன்லேருந்து ஒம்பது மணிக்கு வரா. நான் லோடு ஏத்திட்டு எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது. நீ பாட்டுக்கு ஹாஸ்டல்ல காலை நீட்டிப் படுத்துக்குவ. நடுவுல யாரு பாக்குறது?"

"மயிருதானேன்னா இங்க வா. வந்து குனி. நானும் கொஞ்சம் நறுக்குறேன்."

"வாய் நீளுது உனக்கு."

"அதையாவது விட்டுவச்சீங்களே."

அண்ணி அழத் தொடங்கினாள். நான் துடைத்துவிடவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி. போகாதேன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நின்னுருப்பியா?"

நின்றிருப்பேன். அவள் கேட்டு நான் எதை மறுத்தேன்? மெஷினும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம் என்று பிள்ளைகளின் காலடியிலேயே கிடந்திருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. கேட்டால் கொடுக்கிறவளிடமிருந்து எதற்குத் திருட வேண்டும்?

மறுநாள் தொப்பியம்மாவிடம் போனேன். ஹாஸ்டலில் கட்டில் வேண்டும் என்றேன்.

"மெஷின்காரிக்கும் வெளியூர்க்காரிக்கும்தான் கட்டில். உனக்குத்தான் இதே ஊர்ல வீடு இருக்கே."

"இல்லம்மா."

நிமிர்ந்து பார்த்தாள். பாதி பின்னி, பாதி அவிழ்ந்து கிடந்த என் தலையைப் பார்த்தாள். வெளியூர் என்று எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் அண்ணி எண்ணெய்ப் பாட்டிலோடு கேட்டுக்கு வந்தாள். சின்னவனுக்குச் சளி என்றாள். பெரியவள் என்னைக் கேட்கிறாள் என்றாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டேன்.

"பின்பக்கம் யாரு பின்னுறா?"

"ஆள் இருக்கு."

"காஞ்ச முடியில சீப்பு போட்டுடப் போறா. சொல்லு அவகிட்ட."

அக்கறையாகத்தான் சொன்னாள். பொய் இல்லை. முன்பும் அது பொய்யாக இருந்திருக்காது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பாட்டிலை வாங்கவில்லை. ஷிப்டு மணி அடித்தது, உள்ளே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லவுட்ஸ்பீக்கர் கட்டிலில் உட்கார, நான் கீழே உட்கார்ந்தேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே நனைத்து, பிரித்து, விரலால் சிக்கெடுத்தாள். மெதுவான கை. நன்றாகவே பின்னினாள். பாதிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"கையை எடுடி."

அப்போதுதான் பார்த்தேன். என் வலது கை பின்னால் போய் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. முஷ்டி வலிக்கும் அளவுக்கு.

"எடுத்தாத்தானே பின்ன முடியும்?"

"நூலை என்கிட்ட குடு. நானே கட்டிக்கிறேன்."

"என்கிட்ட கத்திரியே இல்லடி. பாரு." இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரித்துக் காட்டினாள். "என்னை நம்பலையா?"

"நம்புறேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். கை மட்டும் வரவில்லை.

அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சத்தம் குறைத்துப் பேசினாள்.

"சரி, பிடிச்சுக்கோ. உன் கை இருக்கிற இடம் வரைக்கும் பின்னுறேன்."