இடது தோள் சேவல்

நெற்றியில் சாம்பல் சிலுவை அப்படியே இருக்க, கிளிஃபர்ட் தன் வாழ்க்கையின் முதல் குற்றத்தைச் செய்யக் கிளம்பினான்.

குற்றம் என்று அவன்தான் நினைத்துக்கொண்டான். நாற்பத்தாறு வயது லிஃப்ட் மெக்கானிக் டாட்டூ குத்திக்கொள்ள ஆசைப்பட்டால் உள்ளே தள்ள எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. ஆனால் திருநீற்றுப் புதன் காலைப் பூசை முடிந்த சூட்டோடு, மனைவி ஆஞ்சலாவிடம் "அர்ஜென்ட் சர்வீஸ் கால்" என்று புளுகிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தால் வேறு எப்படித் தோன்றும்? பெங்களூர் ஃப்ரேசர் டவுனில் வீட்டைச் சுற்றியே மூன்று டாட்டூ கடைகள் இருந்தன. மூன்றின் வாசலிலும் அவனுடைய சர்ச் பங்கு ஆட்கள் டீ குடிப்பார்கள். அதனால் மல்லேஸ்வரம்.

காபிப் பொடி அரைக்கும் கடைக்கு மேல் மாடி. கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தோரம் ஓர் அரச இலை பச்சையாகக் குத்தியிருந்தது. பெயர் சங்கமித்ரா. தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்துக்காரி என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

"நெத்தியில இருக்கறதும் டாட்டூவா அண்ணா?"

"இது சாயங்காலத்துக்குள்ள போயிடும். போகாதது ஒண்ணு வேணும்."

அவள் சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினாள். "என்ன போடணும்?"

"சேவல்."

"சேவச் சண்டை விடுவீங்களா?"

"லிஃப்ட் சர்வீஸ் பண்றேன்."

சங்கமித்ரா பேனாவைக் கீழே வைத்தாள். இதற்கு விளக்கம் தேவை என்று அவள் முகம் சொன்னது.

கிளிஃபர்ட் சொன்னான். அவர்கள் பங்கில் வருடா வருடம் பெரிய வெள்ளிக்குப் பாஸ்கா நடக்கும். இயேசு பிடிபட்டதிலிருந்து சிலுவை வரை, மைதானத்தில் மேடை போட்டு நாடகம். சீடர் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்ததும் சேவல் கூவ வேண்டுமே, அந்தக் கூவல் ஒன்பது வயதிலிருந்து அவனுடையது. திரைக்குப் பின்னால் நின்று கூவுவான். வளர்ந்ததும் வேஷமும் கிடைத்தது. இயேசுவின் இடது பக்கம் தொங்கும் கெட்ட கள்வன். பதினேழு வருடமாக அதே சிலுவை. ஒவ்வொரு வருடமும் இயேசு வேஷம் கேட்பான். ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருஷம் பாக்கலாம்டா" என்ற பதில் வரும்.

"வேஷம், வேலை, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, எல்லாம் யாரோ பார்த்துக் குடுத்ததுதான் மேடம். கூவறது மட்டும் நானே கத்துக்கிட்டது."

"மேடம் வேணாம் அண்ணா. பேரச் சொல்லுங்க." அவள் ஏற்கெனவே கொண்டையை வரைய ஆரம்பித்திருந்தாள். "சுகர் இருக்கா?"

"பார்டர்ல."

"ரிப்போர்ட் இல்லாம ஊசியத் தொட மாட்டேன். நாலு வாரம் ஆறணும். வெயில் படக்கூடாது, ஊறப்போடக்கூடாது, சொறியவே கூடாது. இந்த நாடகத்துல உங்கள அடிப்பாங்களா?"

"என்னையா? கள்வனை யாரு கவனிக்கறாங்க. சாட்டையடி எல்லாம் ரயானுக்கு. அவன்தான் இயேசு."

நாள் குறித்தார்கள். அடுத்த வியாழன், காலை பத்து மணி. அன்றிலிருந்து பெரிய வெள்ளிக்கு முப்பத்தாறு நாள். ஆறுவதற்குத் தாராளம். மாடிப்படி இறங்கும்போது அவனுக்குக் கால் தரையில் படவில்லை. நாற்பத்தாறு வயதில் கடைசியாக எப்போது இப்படி ஒரு தேதிக்காகக் காத்திருந்தான் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை முன்னோட்டம். ஊசி குத்துவதற்கு முன் ஊதா மையில் படத்தை அச்செடுத்துத் தோலில் ஒட்டிவிடுவார்கள். சேவல் இடது தோளில் வந்து உட்கார்ந்தது. கொண்டை தோள் எலும்பின்மேல், வால் கையின் மேல்பாதி வரை.

"நாலு நாள் அதுகூட வாழ்ந்து பாருங்க. லேசா அழிஞ்சா பரவால்ல, வியாழக்கிழமை மறுபடி ஒட்டிக்கலாம். பிடிக்கலையா, சோப்பு போட்டுக் கழுவிட்டு எனக்கு மெசேஜ் போடுங்க. வேர்வை மட்டும் படாம பாத்துக்கங்க."

வேர்வை. அந்த ஒரு சொல்லை அவன் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருக்கலாம்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் பாஸ்காவின் முதல் கூட்டம். இயக்குநர் இராஜமாணிக்கம், தபால் துறையில் ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருடமாக அவர் சொன்னதுதான் பாஸ்கா. ஒரு வருடம் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து வேஷக்காரன் கையில் டிஜிட்டல் வாட்ச் கட்டிக்கொண்டு கை கழுவிவிட்டான். அன்றிலிருந்து முதல் கூட்டத்தில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து மோதிரம், கயிறு, வாட்ச் தழும்பு வரை பார்ப்பார்.

"கிளிஃபர்ட், சட்டையக் கழட்டு."

"சளி பிடிச்சிருக்கு சார்."

"சிலுவையில தொங்கறவனுக்குச் சளியா. சரி, அடுத்த வாரம்." அவர் கையில் இருந்த காகிதத்தை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்க. ரயானுக்குக் கனடா விசா வந்திருச்சு. அடுத்த வாரம் கிளம்பறான். அதனால இந்த வருஷம் இயேசு..."

நிறுத்தினார். இருபத்திரண்டு வருட இயக்குநர் அல்லவா, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

"கிளிஃபர்ட்."

மண்டபம் கைதட்டியது. நல்ல கள்வனாக நடிக்கும் டேரில் விசில் அடித்தான். கிளிஃபர்டுக்குக் காது அடைத்தது. பதினேழு வருடம் கேட்டது, இன்று கேட்காமலே வந்துவிட்டது.

"ரூல் தெரியும்ல?" என்றார் மாணிக்கம். "ஆண்டவர் மூணு வருஷம் போதிச்சாரு. அங்கி போட்டா மூணு வருஷம் கட்டுப்பாடு. தலைமுடியோ உடம்போ, எதுலயும் கை வைக்கக்கூடாது. பீடத்து முன்னாடி சத்தியம்."

மூன்று வருடம். அவன் வாய் திறப்பதற்குள் ஆஞ்சலா வெள்ளை அங்கியோடு வந்து நின்றாள். பள்ளியில் கணக்கு டீச்சர், பாஸ்காவுக்கு உடைப் பொறுப்பு. கண்ணில் அப்படி ஒரு பெருமை. "போட்டுட்டு வாங்க. தோள் அளவு பாக்கணும்."

திரைக்குப் பின்னால் ஓடினான். சட்டையைக் கழற்றி, யாரும் பார்ப்பதற்குள் அங்கியைத் தலைவழியே இழுத்துவிட்டு வெளியே வந்தான். மறுபடி கைதட்டல். ஜன்னல் மூடிய மண்டபம், நாற்பது பேர், பதற்றம் வேறு. முதுகில் வேர்வை இறங்குவது தெரிந்தது.

ஆஞ்சலாவின் அளவு நாடா அவன் இடது தோளுக்கு அரை அடி தூரத்தில் அப்படியே நின்றது.

வெள்ளைத் துணியில் ஊதா நிறத்தில் ஒரு கொண்டை மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கண். பிறகு அலகு.

"கிளிஃபர்ட்" என்றாள் அவள், மிக மெதுவாக. என்னங்க என்று கூப்பிடுகிறவள் பெயரைச் சொன்னால் ஆபத்து என்று அர்த்தம்.

திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். "என்ன இது?"

"சேவல்."

"தெரியுது. ஏன் இருக்கு?"

"வியாழக்கிழமை குத்திக்கலாம்னு..."

"புதன்கிழமை சர்வீஸ் கால்?"

"அதேதான்."

"நேத்து?"

"அதுவும்."

திரை சர்ரென்று விலகியது. மாணிக்கம் நின்றிருந்தார். சேவலை ஒரு நிமிடம் பார்த்தார். சேவலும் பார்த்தது.

"வியாழன் சாயங்காலம் ஏழு மணிக்கு ரிகர்சல்" என்றார். "அன்னைக்கு இந்தத் தோள் சுத்தமா இருந்தா அங்கி உன்னோடது. இல்லேன்னா பழைய சிலுவை. மேக்கப்ல மறைக்கலாம்னு கனவு காணாத. ரெண்டாவது சாட்டையடியில எல்லாம் வழிஞ்சிடும்."

வியாழன் காலை பத்துக்கு ஊசி. மாலை ஏழுக்கு அங்கி. நடுவில் ஒரே ஒரு தோள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும்தான் ஆஞ்சலா கேட்டாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன். அதுக்கென்ன? கல்யாணமான நாள்லேர்ந்து சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்." அங்கியை வாளியில் முக்கினாள். தண்ணீர் ஊதாவாக மாறியது. "உங்க தோள். நீங்களே முடிவு பண்ணுங்க. என்னைக் கேக்காதீங்க."

திங்கட்கிழமை சுகர் ரிப்போர்ட் வந்தது. தாராளமாகக் குத்தலாம் என்ற அளவில் இருந்தது. அது இன்னும் கஷ்டம். ரிப்போர்ட்டாவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

செவ்வாய்க்கிழமை ஹெப்பாளில் ஒரு பதினான்கு மாடி அலுவலகம். லிஃப்டுக்குள் மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே வேலையை முடித்தவன், லிஃப்டை நிறுத்தி வைக்கும் சாவியைத் திருப்பிவிட்டு, சட்டையின் இடது பக்கத்தை இறக்கினான். வீட்டுக் கண்ணாடியில் தோள் மட்டும்தான் தெரியும். இங்கே மூன்று சேவல்கள் தெரிந்தன. பாதி அழிந்தும் திமிர் குறையாத மூன்று சேவல்கள். கண்ணாடியைப் பார்த்து, தாடையைத் தூக்கி, அங்கி போட்ட மாதிரி கைகளை விரித்துப் பார்த்தான். பிறகு நெஞ்சை முன்னால் தள்ளி, கழுத்தை நீட்டி, சேவல் மாதிரி நின்று பார்த்தான்.

சாவியை அவன் முழுதாகத் திருப்பியிருக்கவில்லை.

டிங். ஒன்பதாவது மாடி. கதவு திறந்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள்.

அவர்கள் பார்வை அவன் தோளில் போய் நின்றது. பிறகு உயரமாக இருந்தவள் கன்னடத்தில் சொன்னாள்: "கோளி சக்கத்தாகிதெ அங்கிள்."

சேவல் அபாரமாக இருக்கிறதாம். மற்றவள் உள்ளே எட்டிப் பார்த்து, எங்கே குத்திக்கொண்டீர்கள் என்று கேட்டாள்.

"இன்னூ இல்லா" என்றான் கிளிஃபர்ட், சட்டையைத் தோளுக்கு இழுத்தபடி. "குருவாரா."

இன்னும் இல்லை, வியாழக்கிழமை. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நாற்பது பேர் கைதட்டியபோது அடைத்த காது இப்போது பளிச்சென்று திறந்திருந்தது. கதவு மூடியது. லிஃப்ட் கீழே இறங்கியது. அவன் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தான்.

புதன் மாலை மாணிக்கத்தின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அங்கி வேணாம் சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பதினேழு வருஷமா கேட்டியேடா."

"கேட்டேன். நீங்க குடுத்தப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு எனக்கு நாப்பத்தொம்போது சார். அதுவரைக்கும் இத தள்ளிப்போட்டா, அப்புறம் பேரனைக் கொஞ்சணும், முட்டி வலின்னு வேற ஏதாவது வரும். நான் குத்திக்கப் போறேன்."

"அங்கி மறுபடி வராது."

"தெரியும்."

மாணிக்கம் எழுந்து உள்ளே போனார். கோபத்தில் போய்விட்டார் என்று நினைத்துக் கிளிஃபர்ட் செருப்பை மாட்டும்போது, பழைய பாஸ்கா நோட்டோடு திரும்பி வந்தார்.

"டேரிலுக்குத் தாடி வளருமா?"

"இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கு சார். தண்ணி ஊத்தினா வளரும்."

"கிண்டலா." பக்கத்தைப் புரட்டினார். "சேவல் எந்தப் பக்கம் பாக்குது?"

"உள்பக்கம். என் மூஞ்சிய."

"நீ தொங்கறது இடது சிலுவை. இடது தோள் வெளிப்பக்கம் வரும். சேவல் உள்ள பாத்தா..." காற்றில் மூன்று சிலுவைகளை விரலால் வரைந்தார். விரல் நடுவில் போய் நின்றது. "ஆண்டவரைப் பாக்குதுடா. கள்வன் மூஞ்சியத் திருப்பிக்கிறான், அவன் தோள்ல இருக்கறது திருப்பல." நோட்டில் எதையோ வேகமாக எழுதினார். "விளக்கு ஒண்ணு அந்தப் பக்கம் போடணும். நாளைக்கு லேட்டா வராத."

வியாழன் காலை ஒன்பது. ஸ்கூட்டரை வெளியே எடுத்தால், கேட்டில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆஞ்சலா நின்றிருந்தாள்.

"ஸ்கூலு?"

"அரை நாள் லீவு. அந்த வால்ல மூணாவது இறகு கோணல். நாலு நாளா சொல்லாம அடக்கி வெச்சிருக்கேன், இனிமே முடியாது."

மல்லேஸ்வரத்து மாடியில் இரண்டு பெண்களும் அவன் தோளுக்கு மேல் குனிந்து, அவனை ஒரு சுவராகவே பாவித்து, இருபது நிமிடம் விவாதித்தார்கள். மூன்றாவது இறகு வளைந்தது. நான்காவது நீண்டது. புதிய அச்சு ஒட்டியாயிற்று. கையுறை மாட்டும் சத்தம். மெஷின் உறுமத் தொடங்கியது. கீழேயிருந்து வறுத்த காபி வாசனை ஏறி வந்தது.

"வலிக்குமா?" என்றான்.

"எலும்பு மேல கொஞ்சம் ஜாஸ்தி அண்ணா. கத்தணும்னா கத்திடுங்க, எல்லாரும் கத்துவாங்க. கை மட்டும் ஆடக்கூடாது."

ஊசி கொண்டையின் முதல் கோட்டைத் தொட்டது.

கிளிஃபர்ட் கண்ணை மூடி, கை அசையாமல், கழுத்தை மட்டும் நீட்டிக் கூவினான். ஒன்பது வயதிலிருந்து கூவுகிற அதே கூவல். திரை இல்லாமல் கூவியது இதுதான் முதல் தடவை. கீழே காபி மெஷினை யாரோ நிறுத்தினார்கள். தெருமுனையில் ஒரு நாய் குரைத்தது.

சங்கமித்ரா ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"ஒரு தடவைதான் கூவணும்" என்றாள் ஆஞ்சலா, அவன் வலது கையை இறுகப் பிடித்தபடி. "இன்னொரு தடவை கூவினீங்கன்னா பேதுருவே படியேறி வந்துடுவாரு. நீ போடும்மா."