சிராங்கூன் சாலையில் ஓடிய எழுத்துகள்

"பெருசா ஏதோ எச்சரிக்கை போடுதுங்க."

"சும்மா மிரட்டுது லா. யெஸ் தட்டுங்க."

"அச்சுல வர்ற எழுத்தும் மாறிடும்னு போட்டிருக்கே?"

"தட்டுங்க உர்சுலா. மெஷினுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா?"

நேற்று சேதுபதியோடு நடந்த இந்தப் பேச்சுதான் இன்று காலையிலிருந்து உர்சுலாவின் காதில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

1987 தீபாவளிக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. சிராங்கூன் சாலையில் அவள் வேலை பார்த்த பயண நிறுவனத்தின் முதலாளி வடிவேலுவுக்கு ஓர் ஆசை. கண்ணாடி ஜன்னல் பக்கம் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்து, அதில் தீபாவளி வாழ்த்து தமிழில் ஓடவேண்டும். கம்ப்யூட்டர் பழுது பார்க்க வரும் சேதுபதி புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளைச் செய்து, வலமிருந்து இடமாக ஓடவிட்டான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்தால் வாழ்த்தும் போய்விடும். அது நிலையாக இருக்கவேண்டும் என்றார் முதலாளி. அதற்கு ஆங்கில எழுத்துகளின் வடிவத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தமிழ் எழுத்துகளை வைக்கவேண்டியிருந்தது. அப்போது வந்ததுதான் அந்த எச்சரிக்கை. உர்சுலா யெஸ் தட்டினாள்.

அன்று மாலையே அதே கம்ப்யூட்டரிலிருந்து சென்னை விமானத்துக்கான பயணிகள் பட்டியல் அச்சானது. உர்சுலா கவுண்டரில் கூட்டத்தோடு மல்லாடிக்கொண்டிருந்ததால், முதலாளியே தாளைக் கிழித்து உறையில் போட்டு விமான அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். காலையில் அது திரும்பி வந்தது. ஆங்கிலப் பெயர்கள் இருக்கவேண்டிய இடமெல்லாம் பொருளில்லாத தமிழ் எழுத்துகள். இடங்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தங்கையின் நிக்காஹுக்கு நாகப்பட்டினம் போகவேண்டிய சம்சுன்னிசா கவுண்டர் முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். முதலாளி மதியம்வரை தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து, கொழும்பு வழியாக எல்லாருக்கும் இடம் பிடித்தார். நிக்காஹ் அன்று காலையில்தான் போய்ச் சேர முடியும் என்றதும் சம்சுன்னிசா தலையாட்டினார். அழுகை நிற்கவில்லை.

சேதுபதி வந்து பழைய எழுத்துகளைத் திரும்ப வைத்தான். ஜன்னலில் வாழ்த்து நின்றுபோயிற்று.

"தமிழ்ல இருந்துச்சு, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்," என்று முதலாளி தன்னையே நொந்துகொண்டார். பிறகு, யார் இதைப் போட்டது என்று கேட்டார்.

சேதுபதி தரையைப் பார்த்தான். இந்தப் பார்வை உர்சுலாவுக்குப் பழக்கம். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் தேக்கா சந்தையில் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். அவள் அப்பா சூசைநாதன் பேச்சு வந்தாலே அவன் இப்படித்தான் தட்டைப் பார்ப்பான். கோயிலுக்குப் போகிற பையன், சர்ச்சில் பூசைக்குப் போகிற பெண். வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று அவன் கேட்கவும் இல்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லப்போய்ச் சனிக்கிழமைகளும் இல்லாமல் போய்விட்டால்? கிறிஸ்துமஸுக்குத் திருச்சியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வருகிறார் என்று அப்பா போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

"நான்தான் முதலாளி யெஸ் தட்டினேன்," என்றாள்.

"இல்ல முதலாளி." சேதுபதி தலையை நிமிர்த்தினான். "அவங்க எச்சரிக்கையைப் படிச்சுச் சொன்னாங்க. நான்தான் தட்டச் சொன்னேன்."

வடிவேலு அவன் பக்கம் திரும்பினார். இனிமேல் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். இனி அவன் இந்தத் தெருவுக்கு வரக் காரணமே இல்லை.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. ரொம்ப."

"ஆனா சொன்னீங்கள்ல."

அவள் வீட்டுக்குப் போகும் தோ பாயோ பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. பஸ் போனபிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வாங்க. அப்பாகிட்ட நீங்களே என்னைப் பொண்ணு கேளுங்க."